பழைய ஜீப்பில் புது ஸ்டீரியோ: டேஷ்போர்டை வெட்டாமல் பொருத்தும் முறை

மலையடிவாரக் கிராமங்களில் பழைய ஜீப்புகளும் பிக்-அப் வண்டிகளும் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. போடி, கம்பம் பகுதியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்வது, மலைக் கிராமங்களிலிருந்து காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு மூட்டைகளை இறக்கி வருவது, உரமும் விதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது எனப் பல வேலைகளுக்கு இவை பயன்படுகின்றன. வயது முப்பது, நாற்பது ஆனாலும், வருமானம் தரும் வண்டியை விற்க யாருக்கும் மனம் வருவதில்லை.

இத்தகைய வண்டிகளுக்குப் புதிய ஸ்டீரியோ செட் வைக்க விவசாயிகள் பலர் விரும்புகின்றனர். பாட்டுக் கேட்பதற்கு மட்டுமின்றி, வானிலை அறிவிப்பு, வேளாண் ஒலிபரப்பு ஆகியவற்றைக் கேட்கவும் இது உதவும். ஆனால் இவ்வண்டிகளைக் கட்டிய காலத்தில் இன்றைய அளவுள்ள செட்டுகள் கிடையாது. எனவே பட்டறைக்குப் போனதும் உளியை எடுத்து டேஷ்போர்டுத் தகட்டை வெட்டிவிடுகிறார்கள். மின்சாரத்துக்கு அருகில் தென்படும் ஏதோ ஒரு வயரைச் சுரண்டி முறுக்கி விடுகிறார்கள். அன்று பாட்டு நன்றாகத்தான் கேட்கும். சில மாதங்களில் தகடு ஓரத்தில் விரிசல் விடும், மீட்டர்கள் ஆடும், காலையில் வண்டி கிளம்பாது. வயர் உரசித் தீப்பிடித்தால் வண்டியும் சுமையும் சேர்ந்தே போகும்.

இந்த வேலையில் இரண்டு விதிகளை மறக்கக் கூடாது. முதலாவது, டேஷ்போர்டை வெட்டக் கூடாது. இரண்டாவது, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைக்காமல் வயர் இழுக்கக் கூடாது. இவ்விரண்டையும் காத்து, குறைந்த செலவில் செட் பொருத்தும் முறையைக் கீழே காணலாம்.

வானொலியும் வயலும்

திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கப்பட்டது. 1960களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 நெல் பரவியபோது, அந்த ரகத்தைப் பற்றி விவசாயிகள் வானொலி மூலமே மிகுதியாகக் கேட்டறிந்தனர். அதனால் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வழங்கியது. எனவே விவசாயி வண்டியில் ரேடியோ வைப்பதை வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. வயலுக்கும் சந்தைக்கும் இடையே செல்லும் நேரத்தைப் பயனுள்ளதாக்க அது ஒரு வழி.

மோட்டார் வண்டிக்கான ரேடியோவை அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930இல் மோட்டரோலா என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். பின்னர் பல ஆண்டுகள் வந்த வண்டி ரேடியோக்களில் இடது பக்கம் ஒரு திருகு, வலது பக்கம் ஒரு திருகு, நடுவில் எண்கள் தெரியும் கண்ணாடி என்ற அமைப்பே இருந்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்திய பிறகு வண்டிகளில் டேப் வந்தது. 1980களில் ஜெர்மன் நாட்டு அளவுமுறை உலகெங்கும் பரவியது. இன்று கடைகளில் கிடைக்கும் ஒற்றை அளவு செட்டுகளுக்கு 182 மி.மீ. அகலமும் 53 மி.மீ. உயரமும் கொண்ட துவாரம் தேவை. திரை உள்ள இரட்டை அளவு செட்டின் முகம் இதைப் போல ஏறத்தாழ இருமடங்கு உயரம் இருக்கும்.

பழைய இரு திருகு ரேடியோவின் துவாரத்தில் இந்தப் பெட்டி நுழையாது. ஜீப்பிலோ ரேடியோவுக்கென்று துவாரமே இல்லை.

ஜீப்பின் டேஷ்போர்டை ஏன் வெட்டக் கூடாது?

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1940களின் இறுதியில், மஹிந்திரா நிறுவனம் வில்லீஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. உயரமான முன்மூடி கொண்ட சி.ஜே. 3பி மாடல் பல ஆண்டுகள் நம் நாட்டில் தயாரானது. இவ்வண்டிகளின் டேஷ்போர்டு ஒரே தட்டையான இரும்புத் தகடு. மீட்டர்கள், சாவி, சுவிட்சுகள், இழுவைக் கம்பிகள் எல்லாம் அதிலேயே தொங்குகின்றன.

அந்தத் தகடு வெறும் மூடி அல்ல. வண்டியின் இரு பக்கங்களையும் இணைத்து நிற்கும் குறுக்குத் தகடும் அதுதான். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு மேல் வெட்டி எடுத்தால் அதன் விறைப்பு குறையும். மலைப்பாதையின் ஆட்டத்தில் வெட்டிய மூலைகளிலிருந்து விரிசல் ஓடும். மேலும், மீட்டர்களுக்கும் விளக்குகளுக்கும் அந்தத் தகடே எர்த். தகடு தளர்ந்தால் டீசல் அளவும் சூடும் காட்டும் முட்கள் தவறாகக் காட்டும்.

விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய ஜீப்பைத் தேடி வாங்குவோர் முதலில் பார்ப்பது அசல் தகடும் அசல் மீட்டரும் இருக்கின்றனவா என்பதைத்தான். ஓட்டை போட்ட டேஷ்போர்டைக் கண்டால் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். செட் சில ஆண்டுகளில் பழசாகிவிடும்; தகட்டில் விழுந்த ஓட்டை அப்படியே நிற்கும்.

முதலில் மின்சாரத்தைச் சோதிக்கவும்

செட் வாங்கப் போவதற்கு முன்பே வண்டியின் மின்சாரத்தைச் சோதிக்க வேண்டும். வயரிங் வேலை செய்பவரிடம் உள்ள மல்ட்டிமீட்டரே போதும்.

1. எத்தனை வோல்ட்? மிகப் பழைய பெட்ரோல் வண்டிகள் சிலவற்றில் 6 வோல்ட் இருக்கும். பெரும்பாலான ஜீப், வேன், டிராக்டர்களில் 12 வோல்ட். கனரக லாரிகள் பலவற்றில் 24 வோல்ட். கடையில் கிடைக்கும் செட்டுகள் 12 வோல்ட்டுக்கு உரியவை. 24 வோல்ட் கொடுத்தால் உடனே புகைந்துவிடும்.

2. எர்த் எந்தப் பக்கம்? பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைந்துள்ளது என்று பார்க்கவும். இக்கால வண்டிகளில் நெகட்டிவ் முனை இணைந்திருக்கும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனை இணைந்திருக்கும். புது செட்டின் இரும்புக் கூடு நெகட்டிவ் முனையோடு சேர்ந்தது. அதைப் பாசிட்டிவ் எர்த் வண்டியில் திருகினால் நேரடியாக ஷார்ட் ஆகிவிடும். அத்தகைய வண்டியை நல்ல எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாற்றிய பிறகே செட் வைக்க வேண்டும்.

3. சார்ஜ் சரியாக ஏறுகிறதா? இன்ஜின் நின்றிருக்கும்போது, நன்றாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் சோர்ந்துவிட்டது என்று பொருள். 15க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டுள்ளது. அதைச் சரிசெய்யாமல் வைக்கும் செட்டுக்கும் பேட்டரிக்கும் ஆயுள் இருக்காது.

செட் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

சி.டி. தட்டு ஓடும் செட்டுகள் ஆழமானவை. அசையும் பாகங்கள் அவற்றில் இருப்பதால் கரடுமுரடான பாதைக்கும் ஏற்றவை அல்ல. யு.எஸ்.பி., மெமரி கார்டு, ப்ளூடூத் மட்டும் உள்ள செட்டுகள் ஆழம் குறைந்தவை, எடையும் குறைவு. ஜீப்புக்கு இவையே ஏற்றவை. முகப்பைக் கழற்றி எடுக்கும் வசதி இருந்தால் மிக நல்லது. கதவும் பூட்டும் இல்லாத வண்டியில் இரவில் முகப்பை வீட்டுக்குள் எடுத்துச் செல்லலாம்.

பெட்டியில் "50 வாட் வீதம் நான்கு" என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது ஒரு கணம் எட்டும் உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடியது அதில் பாதிகூட இருப்பதில்லை. ஜீப்புக்கு அதுவே தாராளம். தனி ஆம்ப்ளிஃபையர் வைத்துப் பழைய டைனமோவின் மேல் சுமையை ஏற்ற வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய செட் மலிவாகக் கிடைத்தால், அலைவரிசையைச் சரிபார்க்காமல் வாங்கக் கூடாது. ஜப்பான் நாட்டுக்கென்று செய்யப்பட்ட பழைய செட்டுகளில் எஃப்.எம். 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருக்கும். கொடைக்கானல் பண்பலை ஒலிபரப்பாகும் 100.5 அதில் கிடைக்காது. அமெரிக்காவுக்கென்று செய்யப்பட்டவை மீடியம் வேவில் பத்துப் பத்தாகத் தாவும். நம் நாட்டு நிலையங்கள் ஒன்பது கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. எஃப்.எம்.மிலும் அவை ஒன்றுவிட்டு ஒன்றாகத் தாவுவதால் சென்னையின் 101.4 போன்ற எண்களில் சரியாக நிற்காது. சில செட்டுகளில் நாட்டை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. கடையிலேயே இணைத்து, நமக்கு வேண்டிய நிலையம் வருகிறதா என்று கேட்டுப் பார்த்து வாங்கவும்.

எந்த இடத்தில் பொருத்துவது?

டேஷ்போர்டின் கீழே: ஜீப்புக்கு மிகவும் ஏற்ற இடம் இது. தகட்டின் கீழ் ஓரத்தில் ஒரு சிறு தகரப் பெட்டியைத் தொங்கவிட்டு அதில் செட்டை வைக்கலாம். வேண்டாதபோது நான்கு போல்ட்டுகளைக் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும்.

சாமான் அறைக்குள்: டேஷ்போர்டில் மூடியுள்ள சிறு அறை இருந்தால் செட்டை அதற்குள் வைக்கலாம். மழை, தூசி, கள்ளர் மூன்றிலிருந்தும் பாதுகாப்பு. காற்றோட்டத்துக்கு அறையின் பின்புறம் வழி இருக்க வேண்டும்.

தலைக்கு மேல்: கூரை உறுதியாக உள்ள லாரி, வேன்களில் முன்கண்ணாடிக்கு மேலே பலகை அடித்துச் செட் வைக்கும் வழக்கம் உண்டு. முன்கண்ணாடிச் சட்டம் மடங்கும் ஜீப்புகளுக்கு இது பொருந்தாது.

மாற்றுத் தகடு: டேஷ்போர்டிலேயே செட் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவோர், அசல் தகட்டைக் கழற்றி, அதே அளவில் 18 கேஜ் தகட்டில் ஒரு நகல் செய்து, அந்த நகலில் துவாரம் வெட்டிக்கொள்ளலாம். அசல் தகட்டுக்கு எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வீட்டில் வைத்துவிட வேண்டும். செலவு கூடுதல், ஆனால் எதையும் இழப்பதில்லை.

இரு திருகு ரேடியோ ஏற்கெனவே உள்ள வண்டியில், அது பாடாவிட்டாலும், அதைக் கழற்ற வேண்டாம். முகப்புக்கு அது அப்படியே இருக்கட்டும். புது செட்டைக் கீழேயோ சாமான் அறைக்குள்ளேயோ வைக்கலாம்.

தகரப் பெட்டி செய்முறை

முதலில் அட்டையில் மாதிரி செய்யவும். செட்டின் அளவுக்கு ஓர் அட்டைப் பெட்டி ஒட்டி, பின்புறம் பிளக்குகளுக்காக 4 செ.மீ. கூட்டி, டேஷ்போர்டின் கீழ் கயிற்றால் கட்டித் தொங்கவிடவும். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் மூன்றையும் மிதித்துப் பார்க்கவும். கியர் கம்பியை எல்லாக் கியரிலும் போட்டுப் பார்க்கவும். நான்கு சக்கர இழுவைக் கம்பி, கைப்பிரேக், ஸ்பீடாமீட்டர் கேபிள் எதிலும் பெட்டி தட்டக் கூடாது. உயரமானவர் அமர்ந்தால் முழங்கால் இடிக்கக் கூடாது. அட்டை மாதிரி தேறிய பிறகே தகரத்தைத் தொட வேண்டும்.

முன் தகடு 210 மி.மீ. அகலம், 80 மி.மீ. உயரம் இருந்தால் போதும். அதன் நடுவில் 182க்கு 53 மி.மீ. துவாரம் வரையவும். நான்கு மூலைகளிலும் முதலில் சிறு வட்டத் துளை போட்டு, பிறகு அவற்றை இணைத்து வெட்டவும். வட்ட மூலையில் விரிசல் எளிதில் தொடங்காது. ஓரங்களை அரத்தால் தேய்த்து, கையால் தடவினால் கீறாத அளவுக்கு மழுக்கவும்.

இரு பக்கத் தகடுகளையும் பின்னோக்கி மடக்கி, மேலே இரு காதுகள் விடவும். டேஷ்போர்டின் கீழ் ஓரத்தில் ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளிலேயே அந்தக் காதுகளை மாட்டிவிடலாம். போல்ட் இல்லாத இடத்தில், ஓரத்தைக் கவ்விப் பிடிக்கும் பட்டைக் கிளிப்பு அடித்துக்கொள்ளலாம். காதுக்கும் தகட்டுக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூப் துண்டு வைத்தால் அதிர்வு குறையும். நட்டுகளுக்கு ஸ்பிரிங் வாஷர் கட்டாயம்.

செட்டோடு ஒரு மெல்லிய தகட்டு உறை வரும். அதைத் துவாரத்தில் நுழைத்து, சுற்றியுள்ள பற்களை மடக்கினால் இறுகும். ஜீப்பின் ஆட்டத்துக்கு இது மட்டும் போதாது. செட்டின் பின்புறமுள்ள போல்ட்டிலிருந்து துளைப்பட்டை ஒன்றை எடுத்துப் பெட்டியோடு முடுக்கவும். பின்தாங்கல் இல்லாத செட் முன்தகட்டை ஆட்டி ஆட்டி முறித்துவிடும்.

முடிந்ததும் ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பின் வண்டியின் நிறத்தையே பூசவும். செட்டின் முகம் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் சாரல் உள்ளே இறங்காது. மேலே ஒரு ரெக்சின் மறைப்புத் தைத்துவிட்டால் செம்மண் தூசியும் தடைப்படும்.

வயர் இணைப்பு

வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றவும். எல்லாம் முடிந்த பிறகு அதைக் கடைசியாக மாட்டவும்.

கடையில் வாங்கும் செட்டுகளில் வயர் நிறங்களுக்கு ஒரு பொது வழக்கம் உண்டு. மஞ்சள், பேட்டரியிலிருந்து நேராக வருவது. சிவப்பு, சாவி போட்டால் செட்டை எழுப்புவது. கறுப்பு, எர்த். நீலம், மின்சார ஏரியலுக்கோ ஆம்ப்ளிஃபையருக்கோ உரியது. தேவையில்லை என்றால் முனையை மூடி வைக்கவும். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா இணைகள் ஸ்பீக்கருக்கு. கோடு போட்டது நெகட்டிவ். பெட்டியில் உள்ள தாளைப் பார்த்து இதை உறுதி செய்த பிறகே இணைக்க வேண்டும்.

மஞ்சள் வயருக்கு, பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. செம்பு வயரைத் தனியாக இழுக்கவும். முன்விளக்கு வயரிலோ ஹார்ன் வயரிலோ சுரண்டிச் சேர்க்கக் கூடாது. இரவில் கொண்டை ஊசி வளைவில் செட்டின் கோளாறால் விளக்கு அணைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஃபியூஸ் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. செட்டின் பின்னாலேயே ஃபியூஸ் இருப்பதால் வேறு வேண்டாம் என்பார்கள். அந்த ஃபியூஸ் செட்டை மட்டுமே காக்கும். பேட்டரியிலிருந்து செட் வரை ஓடும் வயர் வழியில் எங்காவது இரும்பில் உரசித் தோல் போனால், மின்சாரம் செட்டுக்கு வராமலே உடலில் பாயும். பின்னால் உள்ள ஃபியூஸ் போகாது. வயர் பழுக்கக் காய்ந்து எரியும். ஆகவே பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ் வைக்க வேண்டும். ஃபியூஸும் அதன் கூடும் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது. ஃபியூஸ் போனால் காரணத்தைத் தேட வேண்டும். சிகரெட் தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றி வைக்கக் கூடாது.

இன்ஜின் அறைத் தடுப்பில் வயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் போடவும். புகைக்குழாயிலிருந்து விலக்கி, ஒரு சாணுக்கு ஒரு கிளிப்பு வீதம் கட்டவும். பல ஜீப்புகளில் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்தான் எண்ணெய் டேங்க் உள்ளது. அந்தப் பக்கம் வயரையும் கொண்டுபோக வேண்டாம். துளையும் போட வேண்டாம்.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவது போதாது. வெயிலில் டேப் பசை உருகிக் கழன்றுவிடும். ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் மாட்டவும். கறுப்பு வயரை, பெயிண்டைச் சுரண்டி எடுத்த சுத்தமான இரும்பில் நட்டுப் போட்டு முடுக்கவும்.

பழைய சாவிகளில் ரேடியோவுக்கென்று தனி நிலை இருக்காது. அப்போது சிவப்பு வயரில் ஒரு சிறு சுவிட்ச் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான செட்டுகளில் அந்த வயரில் ஓடும் மின்சாரம் மிகக் குறைவு.

ஸ்பீக்கரும் ஏரியலும்

பழைய ரேடியோக்களில் ஸ்பீக்கரின் ஒரு முனையை உடலில் எர்த் கொடுப்பது உண்டு. புதிய செட்டுகளில் அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் எரிந்துபோகும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயர்களும் செட்டிலிருந்தே வர வேண்டும். பழைய ஸ்பீக்கரையே பயன்படுத்துவதானால் அது 4 ஓம் அல்லது அதற்கு மேல் உள்ளதா என்று பார்க்கவும்.

கதவில்லாத ஜீப்பில் ஸ்பீக்கருக்காக உடலைத் துளைக்க வேண்டியதில்லை. பிளைவுட் பலகையில் இரண்டு சிறு பெட்டிகள் செய்து டேஷ்போர்டின் கீழ் இரு ஓரங்களிலும் மாட்டலாம். காகிதக் கூம்பு ஈரத்தில் ஊறிக் கிழியும்; பிளாஸ்டிக் கூம்பு உள்ளதாக வாங்கவும்.

எஃப்.எம். அலைக்கு ஏரியலின் நீளம் ஏறத்தாழ 75 செ.மீ. இருப்பது நல்லது. 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு இது. ஏரியலின் அடிப்பகுதி வண்டியின் இரும்போடு நன்றாகத் தொட வேண்டும். தார்ப்பாய்ச் சட்டத்தில் கட்டிவிட்டால் நிலையம் வந்து வந்து போகும். டைனமோ இல்லாத பக்கத்தில் நிறுத்தினால் இரைச்சல் குறையும்.

இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் விசில் சத்தம் கேட்டால் அது ஆல்டர்னேட்டர் தருவது. முதலில் எர்த்தைச் சுத்தம் செய்யவும்; மின் வயரையும் ஸ்பீக்கர் வயரையும் தனித்தனி வழியில் கொண்டுபோகவும். அதற்கும் அடங்காவிட்டால் மஞ்சள் வயரில் இரைச்சல் வடிகட்டி வைக்கலாம். பெட்ரோல் வண்டிகளில் பிளக் தீப்பொறியால் படபடவென்று சத்தம் வரும். அதற்குத் தடை சேர்ந்த பிளக் மூடிகள் கிடைக்கின்றன. டீசலில் தீப்பொறி பிளக் இல்லாததால் இந்தத் தொல்லை இல்லை.

பேட்டரிக் கணக்கு

மிதமான சத்தத்தில் செட் சுமார் 2 ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். இன்ஜினை நிறுத்திவிட்டு மூட்டை ஏற்றும் நான்கு மணி நேரமும் பாடவிட்டால் 8 ஆம்பியர்-மணி போய்விடும். புதிதாக இருந்தபோது 75 ஆம்பியர்-மணி தாங்கிய பேட்டரி, பழசாகிப் பாதியாகச் சுருங்கியிருந்தால், மிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிடும். மலையில் குளிர்ந்த காலையில் டீசல் இன்ஜினைச் சுழற்றப் பெரும் மின்சாரம் வேண்டும். அறுவடை நாளில் ஆட்கள் வந்து நிற்க, வண்டி கிளம்பாமல் நின்றால் நட்டம் யாருக்கு?

அணைத்து வைத்த செட்டும் நேரத்தையும் நிலையங்களையும் நினைவில் வைக்கச் சிறிது மின்சாரம் எடுக்கும். அது 10 மில்லி ஆம்பியர் என்றால் மாதத்துக்கு 7 ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல் ஆகும். வாரக்கணக்கில் வண்டியை எடுக்காதவர்கள் ஃபியூஸைக் கழற்றி வைத்துவிடலாம். சேமித்த நிலையங்களை மீண்டும் பதிவு செய்வது மட்டுமே வேலை.

லாரி, டிராக்டர் வைத்திருப்போர் கவனிக்க

24 வோல்ட் லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும் செட்டுக்கு இணைப்பு எடுப்பது பலர் செய்யும் வேலை. அப்படி எடுத்தால் ஒரு பேட்டரி குறைந்துகொண்டே போகும். மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும். இரண்டும் சீக்கிரம் கெடும். 24 வோல்ட்டை 12 ஆக்கித் தரும் கன்வெர்ட்டர் வாங்கி வைப்பதே சரி.

டிராக்டரில் வேறொரு கேடு உண்டு. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருப்பது காதுக்குத் தீங்கு என்பது மருத்துவ அளவுகோல். சத்தம் 3 டெசிபல் ஏறும்போது இந்த நேரம் பாதியாகக் குறையும். அறை இல்லாத டிராக்டர்கள் பல, உழும்போது ஓட்டுநர் காதருகே இந்த அளவைத் தாண்டுகின்றன. அதற்கும் மேலே கேட்க வேண்டும் என்று பாட்டை உயர்த்தினால் காது இரட்டிப்பாகக் கெடும். உழவு ஓட்டும்போது காதடைப்பு போட்டுக்கொண்டு, பாட்டை ஓய்வு நேரத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

ஓட்டும்போது

பழைய வண்டியின் நோயை முதலில் சொல்வது அதன் சத்தம்தான். பெல்ட் வழுக்குவதும், பேரிங் முனகுவதும், பிரேக் கட்டை தேய்ந்து உரசுவதும் காதுக்குத்தான் முதலில் தெரியும். பின்னால் அமர்ந்த ஆட்கள் "நிறுத்து" என்று கத்துவதும், வளைவில் எதிர் வண்டியின் ஹார்னும் கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் சாதாரணக் குரலில் பேசினால் புரிகிற அளவே சத்தத்துக்கு எல்லை. களத்தில் பின்னோக்கி எடுக்கும்போது செட்டை முற்றிலும் அணைத்துவிட வேண்டும். குழந்தைகளும் கன்றுகளும் நடமாடும் இடம் அது.

திரையில் படம் ஓடும் செட் ஓட்டுநர் எதிரே வேண்டாம். பாட்டு மாற்றவோ அழைப்பு எடுக்கவோ கைபேசியைக் கையில் எடுப்பதும் கூடாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம்.

வேலை முடிந்ததும் சுமை ஏற்றுவதற்கு முன் ஒரு முறை வெறும் வண்டியாக மேடுபள்ளத்தில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கவும். திரும்பி வந்து ஃபியூஸ் கூட்டையும், மஞ்சள் வயர் போகும் வழியையும் கையால் தொட்டுப் பார்க்கவும். எங்கும் சூடு இருக்கக் கூடாது. பெட்டியின் நட்டுகளை மறுபடி முடுக்கவும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை முடுக்கவும். அதன் பிறகு ஆயில் மாற்றும்போதெல்லாம் இந்த வயரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டால் போதும். செட் பாடும், வண்டியும் காலையில் ஒரே சுற்றில் கிளம்பும்.